புது சிஸ்டம், பழைய லேசர் மெஷின்: எந்த வழியில் இணைப்பது?

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடை. 60 வாட் சிஓ2 லேசர் மெஷின் ஒன்று இருக்கிறது. உள்ளே மெஷினை இயக்கும் போர்டு ருய்டா கம்பெனி கண்ட்ரோலர். கேரம் போட்டிக்கு ஷீல்டு, வீட்டு வாசலுக்கு அக்ரிலிக் பெயர்ப்பலகை, ஆண்டர்சன் தெருக் கடைகளிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை கட்டிங், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு எம்டிஎஃப் பெட்டி, காசிமேட்டுப் படகில் நம்பர் எழுத ஸ்டென்சில் என்று வருகிற வேலையை எல்லாம் செய்வோம். அத்தனையும் ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்த பிராசஸர் வேண்டும். எங்கள் டெஸ்க்டாப்பில் இரண்டும் இல்லை. சரி, எத்தனை நாள்தான் அதை ஓட்டுவது என்று ஒரு லேப்டாப் வாங்கினோம். வியாழக்கிழமை சாயங்காலம் பழைய சிஸ்டத்தில் இருந்த யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கிப் புதியதில் சொருகினேன். மெஷின் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேரம் ஃபைனல். கிளப் பையன் வாசலில் நின்று, "இன்னா ண்ணா, ஷீல்டு ரெடியா?" என்றான்.

அன்றைக்கு பென் டிரைவ் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் தினமும் எந்த வழியில் வேலை செய்வது என்பதை முடிவு செய்ய அப்புறம் மூன்று வாரம் ஆனது. யூஎஸ்பி, லேன் கேபிள், வைஃபை, பென் டிரைவ், பழைய சிஸ்டத்தையே மெஷின் பக்கத்தில் விட்டுவைப்பது என்று ஐந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைலை மெஷின் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறதா, இல்லை சிஸ்டம் பக்கத்தில் உட்கார்ந்து வாய் வாயாக ஊட்ட வேண்டுமா? ருய்டா முதல் வகை. ஃபைலை அனுப்பிவிட்டால் அதன் நினைவகத்தில் ஏறிவிடும், பிறகு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். மேஜை மேல் வைக்கிற சின்ன டயோடு லேசர்களில் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள்தான் போர்டில் இருக்கும். அது இரண்டாம் வகை. சிஸ்டம் வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் சிஸ்டம் தூங்கினால் வேலையும் நின்றுவிடும். கீழே சொல்வதில் முக்கால்வாசி ருய்டா போன்ற கண்ட்ரோலருக்கானது. டயோடு மெஷின்காரர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

யூஎஸ்பி: சுலபம், ஆனால் எர்த் சரியாக இருந்தால்

எல்லோரும் முதலில் சொருகுவது இதைத்தான். ருய்டாவின் யூஎஸ்பி போர்ட்டுக்குப் பின்னால் எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் யூஎஸ்பி மாற்றுச் சிப் இருக்கிறது. அதற்கான டிரைவர் புது சிஸ்டத்தில் இல்லையென்றால் மெஷின் தெரியாது. சிஸ்டத்தில் சேர்ந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு ஒயரைச் சொருகிப் பாருங்கள். பட்டியலில் எதுவுமே அசையவில்லை என்றால் கோளாறு ஒயரில் அல்லது சாக்கெட்டில். மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி வந்தால் டிரைவர் வேண்டும். காம் போர்ட் என்று எண்ணோடு ஒழுங்காக வந்துவிட்டால் மெஷின் பக்கம் பிரச்சினை இல்லை, மென்பொருளில் தப்பான போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். முக்கால்வாசிக் குழப்பம் இந்த ஒரு சோதனையில் பிரிந்துவிடும்.

எங்களுக்கு எதுவுமே அசையாத கேஸ். மெஷின் கேபினெட்டின் பக்கவாட்டில் இருக்கிற யூஎஸ்பி சாக்கெட் உண்மையில் கண்ட்ரோலர் இல்லை. உள்ளே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் ஓடிப்போய்க் கண்ட்ரோலரில் சேர்கிறது. கடல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊரில் பித்தளை, செம்பு எதுவும் பச்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏழு வருஷமாக யாரும் பிடுங்காத ஒயரை நான் பிடுங்கியதும் உள்ளே பச்சை பூத்த காண்டாக்ட் விட்டுப்போயிருக்கிறது. மெயினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டைத் திறந்து கண்ட்ரோலரிலேயே நேராக ஒரு நல்ல ஒயரைச் சொருகியதும் காம் போர்ட் வந்துவிட்டது. லேசர் பவர் சப்ளை பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீர்கள். அங்கே இருபதாயிரம் வோல்ட் கணக்கில் மின்சாரம் உற்பத்தியாகிறது, அணைத்த உடனேயும் மிச்சம் இருக்கும்.

இணைப்பு வந்ததோடு கதை முடியவில்லை. பாதி வேலையில் துண்டித்துக்கொண்டே இருந்தது. ட்யூபைக் குளிர்விக்கும் சில்லர் ஓட ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, ட்யூப் எரியும்போது ஒரு தடவை. பழைய டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை எப்போதோ ஒரு முறைதான். ஏன் என்று யோசித்ததில் கிடைத்தது இது: யூஎஸ்பி ஒயரில் மெஷினின் கிரவுண்டும் சிஸ்டத்தின் கிரவுண்டும் நேரடியாக ஒட்டியிருக்கும். டெஸ்க்டாப்புக்கு மூன்று பின் பிளக், அதன் இரும்புப் பெட்டிக்கு ஏதோ ஒரு எர்த் இருந்தது. லேப்டாப் சார்ஜருக்கு இரண்டே பின். மெஷினின் எர்த்தில் அலைகிற இரைச்சல் எல்லாம் லேப்டாப் வழியாகப் போக இடம் தேடியது. கேபினெட்டைப் புறங்கையால் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கும். அதை நாங்கள் பல வருஷமாக "மெஷின் கொஞ்சம் கடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே விட்டிருந்தோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். எர்த் பின்னில் பச்சை ஒயர் இருக்கிறது, ஆனால் அதன் மறுமுனை போர்டுக்குப் பின்னால் எதிலும் சேராமல் தொங்குகிறது. "இத்தனை வருஷம் இதுலயா வேலை பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

எர்த் சரிசெய்த பிறகு துண்டிப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் அடியோடு போகவில்லை. மீதிக்குக் காரணம் லேப்டாப்பின் சிக்கனம். பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா இருக்கிற யூஎஸ்பி போர்ட்டை விண்டோஸ் தூங்கவைக்கும். பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ஹப்பிலும் பவர் மேனேஜ்மெண்ட் என்ற பக்கத்தில் இருக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும்.

ஆக யூஎஸ்பி யாருக்கு? சிஸ்டம் மெஷினுக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 ஒயர் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடைமுறையில் மூன்றிலேயே நின்றுகொள்வது நல்லது. எர்த் நம்பகமாக இருக்க வேண்டும். லேசர் மெஷினுக்கு வேலை அனுப்பும் மென்பொருள்களான ஆர்டிஒர்க்ஸும் லைட்பர்னும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது, ஏனென்றால் ஒன்று போர்ட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்குக் கிடைக்காது. இவ்வளவுக்கும் ஒத்துவந்தால் யூஎஸ்பி போதும். எங்கள் கடையில் லேப்டாப் கல்லாப்பெட்டி பக்கம், மெஷின் பின்னறையில். முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போனது.

லேன் கேபிள்: ஒரு நாள் தலைவலி, அப்புறம் நிம்மதி

லேன் கேபிளின் பெரிய லாபம் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரிகைக் கட்டிங் ஃபைலுக்கு வேகமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முனையிலும் சாக்கெட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சிக்னல் காந்தம் வழியாகத் தாண்டுமே தவிர, மெஷினின் கிரவுண்டும் லேப்டாப்பின் கிரவுண்டும் ஒட்டுவதில்லை. லாபம் இதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன எர்த் இரைச்சல் இந்த வழியில் ஏறி வராது. அதனால் உறை போட்ட ஷீல்டு கேபிள் வாங்காமல் சாதாரண லேன் கேபிளையே வாங்குங்கள். ஷீல்டு போட்டால் இரண்டு பெட்டியையும் மறுபடி ஒன்றோடொன்று கட்டியதாகிவிடலாம். தூரம் 100 மீட்டர் வரை போகும். ரிட்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குத் தேவையான நீளத்தில் கிடைக்கிறது.

புது லேப்டாப்பில் லேன் சாக்கெட் இல்லாததால் ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டரும் வாங்கினேன். அப்புறம் ஒரு முழு நாள் வீணாகப் போனது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

ருய்டா கண்ட்ரோலர் பெரும்பாலும் 192.168.1.100 என்ற ஐபி முகவரியோடு வரும். பேனலில் இசட்/யூ பொத்தானை அழுத்தினால் வரும் மெனுவில் அதைப் பார்க்கலாம், மாற்றலாம். ஐபி முகவரியைத் தெருவும் கதவு எண்ணும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால் முதல் மூன்று எண்ணும் தெரு, கடைசி எண் வீடு. மெஷினோடு பேச லேப்டாப்பின் லேன் போர்ட்டும் அதே தெருவில் குடியேற வேண்டும். எனவே 192.168.1.10 என்று நானே கையால் எண் கொடுத்தேன். கேட்வேயைக் காலியாக விட்டேன். மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கக் கமாண்ட் பிராம்ப்டில் பிங் அடித்தேன். பதில் வந்தது. சந்தோஷமாக ஒரு ஷீட் வெட்டினேன்.

மறுநாள் காலையில் பிங்கும் இல்லை, மெஷினும் இல்லை. ஒயரை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், மெஷினை அணைத்துப் போட்டேன். மதியம் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பைப் பார்க்க முடியவில்லை, வைஃபை நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மெஷின் வேலை செய்தது! ரவுட்டரை மறுபடி போட்டதும் மெஷின் போனது.

விஷயம் இதுதான். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முகவரி 192.168.1.1 என்றுதான் இருக்கும். லேப்டாப் வைஃபையில் சேர்ந்ததும் அதற்கு 192.168.1 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். லேன் போர்ட்டுக்கும் அதே தெரு. இப்போது லேப்டாப்புக்கு ஒரே பெயரில் இரண்டு தெரு தெரியும். சென்னையில் பிள்ளையார் கோயில் தெரு என்று மட்டும் முகவரி எழுதிக் கூரியர் அனுப்பினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. மெஷினுக்குப் போக வேண்டிய தகவலை லேப்டாப் சில நாள் ஒயர் வழியாகவும் சில நாள் வைஃபை வழியாகவும் அனுப்பிக்கொண்டிருந்தது.

தீர்வு இரண்டு நிமிஷம். மெஷினின் பேனலில் முகவரியை 192.168.5.100 என்று மாற்றினேன். லேப்டாப்பின் லேன் போர்ட்டுக்கு 192.168.5.10. இனி மெஷினுக்குத் தனித் தெரு, வைஃபை வேறு தெரு. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு துண்டிப்பும் இல்லை.

மெஷினை ரவுட்டரோடு இணைக்கிற இன்னொரு முறையும் உண்டு. கடையில் இரண்டு மூன்று சிஸ்டத்திலிருந்து வேலை அனுப்ப வேண்டும் என்றால் அதுதான் வசதி. அப்போது எல்லாம் ஒரே தெருவில் இருக்கலாம், ஆனால் வேறொரு சிக்கல் வரும். ரவுட்டர் தானாக எண்களை வினியோகிக்கும்போது 100-ஆம் எண்ணை யாரோ ஒருவரின் செல்போனுக்குக் கொடுத்துவிட்டால், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. பழைய எண், புதிய எண் பார்த்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ரவுட்டர் கொடுக்கும் எண்களின் எல்லைக்கு வெளியே மெஷினுக்கு ஒரு எண் வைத்துவிடுங்கள்.

ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும். ருய்டாவும் லைட்பர்னும் யூடிபி என்ற முறையில் பேசுகின்றன. மெஷினின் பதில் சிஸ்டத்தின் 40200 என்ற போர்ட்டுக்கு வரும். புது விண்டோஸில் லைட்பர்னை முதல் தடவை திறக்கும்போது "அனுமதிக்கவா?" என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் பிங் போகும், மென்பொருளில் மட்டும் மெஷின் தெரியாது. பிங் வருகிறது, லைட்பர்ன் இல்லை என்கிறது என்றால் நேராக ஃபயர்வாலுக்குப் போங்கள். ஒயரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

வைஃபை

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். மேலே சொன்ன யூடிபியில், வழியில் தொலைந்த தகவல் பொட்டலத்தை அந்த முறையே திரும்பக் கேட்டு வாங்காது. எங்கள் சந்தில் செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயராவது வரும், அத்தனையும் அதே அலைவரிசையில் முட்டி மோதிக்கொண்டிருக்கும். மெஷினின் லேன் சாக்கெட்டில் ஒரு மலிவான வைஃபை பெட்டியை மாட்டி ஒரு வாரம் பார்த்தேன். சின்ன ஃபைல் போகும், பெரிய போட்டோ என்கிரேவிங் பாதியில் நிற்கும். லைட்பர்ன் நிறுவனமே இதற்கென்று பிரிட்ஜ் என்ற ஒரு சின்னக் கருவி விற்கிறது. அது மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, வைஃபையில் வருவதை ஒழுங்காக வாங்கி மெஷினுக்கு ஒயரில் கொடுக்கும். ஒயர் இழுக்கவே முடியாத இடம், வாடகைக் கடையில் சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார் என்றால் அதை யோசிக்கலாம். பத்து மீட்டர் ஒயர் இழுக்க வழி இருப்பவருக்கு அது தண்டச் செலவு.

பென் டிரைவ்: மதிப்பு தெரியாமல் இருந்த வழி

வெட்கமில்லாமல் சொல்கிறேன், மற்ற நான்கில் எதுவும் வேலை செய்யாத நாளில் இதுதான் வேலை செய்யும். லைட்பர்னிலும் ஆர்டிஒர்க்ஸிலும் ஃபைலை ஆர்டி வடிவத்தில் சேமித்து, பென் டிரைவை மெஷின் பேனல் பக்கம் சொருகி, மெஷின் நினைவகத்துக்கு நகலெடுத்து, ஸ்டார்ட் அழுத்தினால் முடிந்தது. டிரைவர் வேண்டாம், ஐபி வேண்டாம், எர்த் இரைச்சல் கிட்டவே வராது.

சில நுணுக்கம் மட்டும் உண்டு. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். இப்போது கடைகளில் கிடைப்பதில் பல 64 ஜிபியும் அதற்கு மேலும். அவை பெரும்பாலும் வேறு முறையில் ஃபார்மேட் ஆகி வரும், மெஷின் அவற்றைப் படிக்காது. மேஜை இழுப்பறையில் எங்கோ கிடக்கிற 4 ஜிபி, 8 ஜிபி டிரைவைத் தேடி எடுங்கள். ஃபைல் பெயர் சின்னதாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். நான் ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தேன், மெஷின் திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்தது.

இதன் ஆபத்து வேறு இடத்தில். அந்தக் கேரம் ஷீல்டில் ஒரு பெயருக்கு ற போட வேண்டிய இடத்தில் ர போட்டிருந்தேன். லேப்டாப்பில் திருத்திவிட்டேன், ஆனால் திருத்தியதை மறுபடி பென் டிரைவில் ஏற்றவில்லை. மெஷினில் இருந்தது பழைய ஃபைல். இரண்டு ஷீல்டு வெட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. அக்ரிலிக் போனது, அதைவிட ராத்திரி பத்து மணி வரை உட்கார வேண்டியதாயிற்று. ஒரே டிசைனை நூறு தடவை வெட்டுகிறவர்களுக்கு, பத்திரிகை வேலை மாதிரி, பென் டிரைவ் அருமையான வழி. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் மாறுகிற வேலைக்கு அது வம்பு. கேமரா வைத்து ஷீட்டைத் திரையில் பார்த்து டிசைனைப் பொருத்துகிறவர்களுக்கும் ஒத்துவராது.

பழைய சிஸ்டத்தையே விட்டுவைப்பது

இது எங்கள் அப்பாவின் யோசனை. "ஓடுறதை ஏன்டா தொடற?" என்றார். மெஷின் பக்கத்தில் பழைய டெஸ்க்டாப் அப்படியே இருக்கட்டும், லேப்டாப்பில் டிசைன் செய்து அங்கே கொண்டு போகலாம். இணையத்தில் சேர்க்காமல் வைத்திருந்தால் பாதுகாப்பு அப்டேட் நின்றது பெரிய பயமில்லை. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அப்டேட் திட்டம் ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் தந்திருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, வேலை குவிந்திருக்கும் மாதத்தில் கடையை நிறுத்தாமல் மாற இதைவிட நல்ல வழி இல்லை. ஆடி, ஐப்பசி மாதிரி ஜவுளிக்கடை வேலை நெருக்குகிற நேரத்தில் யாரும் புது இணைப்பைச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் அந்த டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் கடைக்குள் முழங்கால் வரை வந்தபோது அதை நனையாமல் மேஜை மேல் தூக்கி வைத்தோம், அதற்குப் பிறகு அது கரகரவென்று ஒரு சத்தம் போடுகிறது. பென் டிரைவ் எல்லா பிரிண்டிங் கடைக்கும் போய் வருகிற வட்டாரத்தில், அப்டேட் இல்லாத சிஸ்டத்துக்கு ஷார்ட்கட் வைரஸ் வர இணையமே தேவையில்லை. ஒரு மாதம் என்று தேதி போட்டு வைத்துக்கொண்டோம். தேதி போடாதவர்கள் வருஷக்கணக்கில் அதிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு மாதத்தில் அதிலிருந்து எடுக்க வேண்டியவை உண்டு. மெஷின் செட்டிங் முழுவதையும் படித்து ஒரு ஃபைலாகச் சேமித்தேன். ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர், பெட் அளவு, ஹோம் திசை எல்லாம் அதில்தான் இருக்கிறது. எந்த மரத்துக்கு எவ்வளவு ஸ்பீடு, எவ்வளவு பவர் என்று வருஷக்கணக்கில் சேர்த்த பட்டியலையும் எடுத்தேன். தமிழ் ஃபாண்ட்தான் மறந்துபோனது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோரல்டிரா ஃபைல்களைப் புது சிஸ்டத்தில் திறந்தால் அம்மன் கோயில் பெயர்ப்பலகை ஆங்கிலக் கிறுக்கலாக வந்து நிற்கிறது. பழைய சிஸ்டத்தில் உயிர் இருக்கும்போதே முக்கியமான டிசைன்களைக் கர்வ் ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிச் சேமித்துவிடுங்கள். இணைப்புக் கோளாறு ஒரு நாளில் தீரும், இந்த வேலையை விட்டால் மாதக்கணக்கில் திரும்ப அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னும் சிஸ்டம் வாங்காதவர்களுக்கு

கடையில் நிற்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். விண்டோஸ் எஸ் மோடில் வருகிறதா? வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு மென்பொருளை ஏற்ற விடாது. செட்டிங்கில் போய் இலவசமாக அதிலிருந்து வெளியே வரலாம், திரும்பப் போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. அடுத்தது, பிராசஸர் இன்டெல் அல்லது ஏஎம்டியா, இல்லை ஸ்னாப்டிராகன் மாதிரி ஏஆர்எம் வகையா? ஏஆர்எம் லேப்டாப் சாதாரண மென்பொருளை ஒருவாறு ஓட்டிவிடும். ஆனால் டிரைவர் அதற்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். உங்கள் மெஷினுக்கு அப்படி ஒரு டிரைவர் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் அதை வாங்காதீர்கள். பேட்டரி பதினைந்து மணி நேரம் நிற்கும் என்பார்கள். கடையில் சார்ஜரில்தானே கிடக்கப்போகிறது?

டயோடு மெஷினும் ஃபைபரும்

எண்ணூரில் இருக்கிற மச்சான் சாவிக்கொத்து, மரப்பலகை வேலைக்கு ஒரு டயோடு மெஷின் வாங்கினான். அவனுடையது யூஎஸ்பியை மட்டுமே நம்பிய மாடல், எனவே தேர்வும் கிடையாது. அந்த மெஷின்களில் பெரும்பாலும் சிஹெச்340 என்ற யூஎஸ்பி மாற்றுச் சிப், இணைப்பு வேகம் (பாட் ரேட்) 115200. அவனுக்கு வந்த கோளாறு அபத்தமானது. செல்போன் சார்ஜர் ஒயரைச் சொருகியிருந்தான். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர்களில் டேட்டா கம்பியே இருக்காது, பெட்டியில் வந்த ஒயரைப் போட்டதும் வேலை செய்தது. வேறு யூஎஸ்பி துளையில் சொருகினால் காம் எண் மாறிவிடும் என்பதால் ஒரே துளையில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். லேப்டாப் தூங்கவே கூடாது, மூடியை மூடினாலும் ஓட வேண்டும் என்று செட்டிங்கை மாற்ற வேண்டும். இந்த வகைக்கு லேப்டாப்பைவிட மெஷின் பக்கத்திலேயே ஒரு சின்ன டெஸ்க்டாப்பும் ஒரு யூபிஎஸ்ஸும்தான் என் தேர்வு.

பழைய சீரியல் போர்ட் மெஷினை யூஎஸ்பி மாற்று ஒயர் வழியாக ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎல்2303 சிப்பின் பழைய பதிப்புகளை விண்டோஸ் 11 ஏற்காது, 2012-லிருந்தே இது கைவிடப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டும். அந்த ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்குவதோடு சரி.

இரும்பில் எழுதுகிற ஃபைபர் மெஷின் வைத்திருப்பவர்கள், ஈசிகேட் 2 என்ற மென்பொருளிலிருந்து லைட்பர்னுக்கு மாறும் முன் ஒரு தடவை யோசிக்கவும். இரண்டுக்கும் டிரைவர் வேறாக இருக்கலாம். லைட்பர்னின் டிரைவரை ஏற்றினால் ஈசிகேட் அந்த மெஷினைப் பார்க்காது, திரும்ப வர டிரைவரை மாற்ற வேண்டும்.

எங்கள் கடையில் இப்போது

கல்லாப்பெட்டியிலிருந்து பின்னறைக்குச் சுவரோரமாகப் பன்னிரண்டு மீட்டர் லேன் கேபிள் ஓடுகிறது. தரையில் விடவில்லை, மழைக்காலத்தை நினைத்து இடுப்பு உயரத்தில் பட்டி அடித்திருக்கிறோம். லைட்பர்னில் ஸ்டார்ட் அழுத்துவதை விட்டுவிட்டோம். அனுப்பு என்பதை அழுத்தி ஃபைல் முழுதும் மெஷினுக்குப் போன பிறகு பேனலில் ஆரம்பிக்கிறோம். ஒயர் நடுவில் விட்டாலும் ஷீட் வீணாகாது. ஆர்டிஒர்க்ஸ்காரர்களுக்கு அதே பொத்தானின் பெயர் டவுன்லோட். சிஸ்டத்திலிருந்து மெஷினுக்கு ஏற்றுவதற்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று யாரைக் கேட்பது?

மெஷின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் 192.168.5.100 என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஆணியில் 4 ஜிபி பென் டிரைவ் தொங்குகிறது. பழைய டெஸ்க்டாப்பை அப்பா வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார், சீட்டாட.